வலது மணிக்கட்டில் ஒரு மச்சம்

டிசம்பர் 9, செவ்வாய்

ஸ்டேஷன் பொது நாட்குறிப்பில் இன்றைய விபத்து பதினோரு வரிதான் வந்திருக்கிறது. அதையும் நான்தான் எழுதினேன். ஸ்டேஷன் ரைட்டராகப் பதினாறு வருடம் ஓட்டியாகிவிட்டது. இந்த ஊரில் யார் செத்தாலும் யார் பிழைத்தாலும் என் கையெழுத்தில்தான். அதில் எழுத இடமில்லாததற்கு இந்த நோட்டு.

காலை ஐந்தேகாலுக்கு மலைப்பாதையின் நான்காவது வளைவில் ஐயப்ப பக்தர்கள் வந்த வேன் தடுப்புச் சுவரை உடைத்துக்கொண்டு கீழே இறங்கிவிட்டது. வெள்ளகோவில் பக்கத்துக் குழு. மொத்தம் பதின்மூன்று பேர். மூன்று பேர் அங்கேயே போய்விட்டார்கள். குருசாமிக்குத் தலையில் அடி, மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள். மற்றவர்கள் எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில்.

எல்லாரும் கறுப்பு வேட்டி, எல்லாரும் தாடி, எல்லார் கழுத்திலும் மாலை. செல்போன்கள் பள்ளத்தில். ஆதார் நகல் மொத்தமும் குருசாமியின் பையில் இருந்திருக்கிறது; வேனின் முன்பக்கம் தீப்பிடித்ததில் பையோடு எரிந்துபோயிற்று. பிழைத்தவர்களிடம் "இது யாரு?" என்று கேட்டால் "சாமி" என்கிறார்கள். மாலை போட்ட நாளிலிருந்து ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். நான் வேதக்காரன், மாதா கோவிலுக்குப் போகிறவன், எனக்கு இதெல்லாம் தெரியாது. விசாரணை செய்யப் போனவனுக்கு அழுவதா சிரிப்பதா என்று ஆகிவிட்டது.

இறந்தவர்களில் இரண்டு பேரைப் பெற்றவர்களும் மனைவியும் வந்து அடையாளம் காட்டினார்கள். மூன்றாவது உடலுக்கு முகம் நசுங்கிப் போயிருந்தது. ஆனால் தலைமாட்டில் இருமுடிக் கட்டு இருந்தது. அதில் மார்க்கரால் 'லோகநாதன் – கன்னிசாமி' என்று எழுதியிருந்தது. முதல் முறை மலைக்குப் போகிறவன் கன்னிசாமி. மற்ற எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிட்டது; மிச்சம் குழுவின் கன்னிசாமிகள் இரண்டே பேர். இன்னொருவன் கிருபாகரன், ஐ.சி.யூ.வில் தலை, முகம் முழுக்கக் கட்டுடன் கிடக்கிறான். ஒருவன் இங்கே பெயரோடு இருக்கிறான் என்றால் மிச்சம் இருப்பவன் அவன். இதில் குழப்பம் எங்கே வந்தது?

லோகநாதனுக்குத் தகப்பன் இல்லை; சித்தப்பா பொன்னுசாமி மதியம் வந்தார். தாயார் தாங்க மாட்டார் என்று கூட்டி வரவில்லை. மார்ச்சுவரி வாசல் வரை வந்தவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"வேண்டாமுங்க சார். என்னால ஆகாதுங்க. சிரிச்ச மொகமாவே நெனப்புல இருக்கட்டுமுங்க."

கட்டைக் காட்டினேன். பெயரைப் படித்ததும் அப்படியே உட்கார்ந்து அழுதார். கையெழுத்துப் போட்டார். பிரேத விசாரணைக்குச் சாட்சியாக நிறுத்திய பஞ்சாயத்தார் ஐந்து பேரும் போட்டார்கள்.

முகம் சிதைந்த உடலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? புதிதாக வரும் போலீஸ்காரர்களுக்கு அதைப் பாடமாக எடுப்பவனே நான்தான். நெருங்கிய ரத்த உறவு, துணியை முழுக்க விலக்கிப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். மாறாத அங்க அடையாளம் இரண்டு ஒத்துப்போக வேண்டும். துளி சந்தேகம் இருந்தாலும் கைரேகை எடுக்க வேண்டும், டாக்டருக்கு எழுதிக் கொடுத்து ஒரு பல்லையோ எலும்பையோ எடுத்து வைக்கச் சொல்ல வேண்டும், டி.என்.ஏ. முடிவு வரும்வரை உடலைக் கொடுக்கக் கூடாது. எல்லாம் சந்தேகம் இருந்தால். வெளியே உறவுக்காரர்கள் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். இருபுறமும் மலைக்குப் போகிற வண்டிகள். இன்ஸ்பெக்டர் வந்து, "ஏட்டய்யா, ஆறு மணிக்குள்ள மூணு பாடியும் கிளம்பியாகணும். மேலேருந்து போன் மேல போன்" என்றார்.

ஐந்து நாற்பதுக்கு மூன்றாவது ஆம்புலன்ஸும் போய்விட்டது. நல்லா முடிச்சிட்டீங்க ஏட்டய்யா என்றார் இன்ஸ்பெக்டர். வீட்டுக்கு வந்தால் தொட்டியில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடவில்லை.

டிசம்பர் 10, புதன்

மோட்டாரில் காயில் கருகிவிட்டதாம். புதிதாகச் சுற்ற நான்கு நாள் ஆகும். மனைவி ஆரோக்கியமேரிக்கு என்மேல் கோபம், நான்தான் சுவிட்சை அணைக்கவில்லை என்று.

டிசம்பர் 11, வியாழன்

காயம்பட்டவர்களிடம் வாக்குமூலம் வாங்க மருத்துவமனைக்குப் போனேன். கிருபாகரனுக்கு இன்னும் நினைவு வரவில்லை. வெளியே பெஞ்சில் அவன் தாயார் நாச்சம்மாள் உட்கார்ந்திருக்கிறார். ஐம்பது இருக்கும். விசைத்தறியில் நூல் போடுகிறவர், காதில் இன்னும் பஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கணவன் இல்லை. ஒரே பையன்.

கையில் பையனின் மாலையை வைத்திருந்தார். அவசர சிகிச்சையில் கத்தரியால் வெட்டிவிட்டார்கள்.

"மலைக்குப் போயிட்டு வந்து அம்மா கையாலதான் மாலையக் கழட்டோணுமுங்க சார். இவுங்க வெட்டிப்போட்டாங்க. குத்தமாயிருமுங்களா?"

ஆகாதும்மா, உயிர் பிழைக்கத்தானே வெட்டினார்கள் என்றேன். எனக்கென்ன தெரியும், ஆனாலும் சொன்னேன். முகம் கொஞ்சம் தெளிந்தது.

"நாம் பெத்தது உசுரு இருக்குதுங்க. அந்த இன்னொரு பையனோட அம்மாவ நெனச்சாத்தான் சோறு எறங்கமாட்டேங்குது. எந்தூருங்க அவுங்க?"

ஊரைச் சொன்னேன். அங்கிருந்து பத்துக் கல்தான் என்றார். ஒரு நாள் போய்ப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

டிசம்பர் 13, சனி

பொன்னுசாமி வந்தார். இறப்புச் சான்றிதழுக்கும் மற்றதற்கும் கடிதம் வேண்டும். கேட்டிருந்தபடி லோகநாதனின் பள்ளிச் சான்றிதழைக் கொண்டுவந்தார். பிரேத விசாரணை அறிக்கையில் அங்க அடையாளப் பத்தியை அன்றைய அவசரத்தில் காலியாக விட்டிருந்தேன். சான்றிதழைப் பார்த்து நிரப்பினேன். 'வலது மணிக்கட்டின் உட்புறம் ஒரு மச்சம். இடது முழங்காலில் ஒரு தழும்பு.' பத்தாம் வகுப்பில் வாத்தியார் கண்டு எழுதியதை நான் மார்ச்சுவரியில் கண்டதாக எழுதினேன். எல்லா ஸ்டேஷனிலும் இப்படித்தான் நடக்கிறது.

அஸ்தியைக் கொடுமுடியில் காவிரியில் கரைத்துவிட்டார்களாம்.

"அண்ணிதான் சார், சோறு தண்ணியில்லாமக் கெடக்கறாங்க. மொகத்தக் காட்டாம எரிச்சுப்போட்டீங்களே, மொகத்தக் காட்டாம எரிச்சுப்போட்டீங்களேன்னு என்னையத்தான் புடிச்சு உலுக்கறாங்க. நான் பாத்தன் அண்ணி, பையந்தான்னு சொல்லி வச்சிருக்கறனுங்க."

அப்படியே சொல்லுங்கள் என்றேன்.

டிசம்பர் 15, திங்கள்

மதுரைக்குப் போய்க் குருசாமியிடம் வாக்குமூலம் வாங்கினேன். பேசுகிற அளவுக்குத் தேறிவிட்டார். வேன் எத்தனை வேகத்தில் வந்தது, டிரைவர் தூங்கினாரா என்று கேட்டு எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது சும்மா பேச்சுக்குக் கேட்டேன், அவரவர் கட்டை அவரவர் மடியில் வைத்திருப்பார்களா என்று.

"அதெப்படிங்க சார்? கட்ட அவங்களா ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது, குருசாமிதான். வண்டியில பின்னாடி பலகை அடிச்சு, பட்டு விரிச்சு, பதிமூணு கட்டையும் நாந்தான் வரிசையா வச்சேன். ஆரு கட்டு ஆருகிட்டயும் இல்லீங்க."

அப்படியானால் தலைமாட்டில் இருந்தது? பள்ளத்தில் கிடந்ததை மீட்பு ஆட்கள் புனிதமான பொருள் என்று எடுத்து, இறந்தவர் தலைமாட்டில் மரியாதையாக வைத்திருப்பார்கள். எந்தக் கட்டு கைக்கு வந்ததோ அது.

இதை வாக்குமூலத்தில் எழுதவில்லை. விபத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வரும் வழியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் வாங்கினேன். பேப்பரில்தான் நன்றாக இருக்கும், மேரி பிளாஸ்டிக் கேட்கிறாள்.

டிசம்பர் 16, செவ்வாய்

மருத்துவமனைக்குப் போக இன்று ஒரு வேலையும் இல்லை. போனேன்.

அவனை ஐ.சி.யூ.விலிருந்து வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். மூச்சுக்குழாயை எடுத்தாயிற்று. முகத்தில் கட்டு இருக்கிறது, கண் வீங்கி மூடியிருக்கிறது. நாச்சம்மாள் கிண்ணத்தில் வெந்நீர் வைத்து அவன் கையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வலது கை. உட்புறம் மேலே தெரிந்தது.

நான் பார்த்தேன். நான் பார்ப்பதை அந்த அம்மா பார்த்தார். அவசரப்படவில்லை. துணியைப் பிழிந்து கிண்ணத்தின் விளிம்பில் போட்டார். போர்வையை இழுத்து அந்தக் கையை மூடினார்.

"எம்பையன் தேறிட்டு வர்றானுங்க சார்" என்றார்.

"நல்லதும்மா."

"எழுதிக்கிட்டுப் போகத்தானே வந்தீங்க? எழுதிக்குங்க. கிருபாகரன், வயசு இருவத்தி மூணு."

நோட்டை எடுத்து எழுதினேன். ஏன் எழுதினேன்?

மச்சம் உலகத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கும். எனக்கே முதுகில் இரண்டு இருக்கிறது.

டிசம்பர் 17, புதன்

மோட்டார் வந்துவிட்டது. தண்ணீர் ஏறுகிறது.

டிசம்பர் 18, வியாழன்

இன்ஸ்பெக்டரிடம் பட்டும் படாமலும் சொல்லிப் பார்த்தேன். அந்த வேன் கேஸில் இரண்டு கன்னிசாமிகளையும் இன்னொரு முறை சரிபார்த்தால் நல்லது போலிருக்கிறது என்று. அவர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"யாராச்சும் புகார் குடுத்தாங்களா?"

"இல்லைங்கய்யா."

"அடையாளம் காட்டுன ஆள் மொகத்தப் பார்த்துச் சொன்னாரா இல்லையா? ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்கீங்க?"

"பார்த்துச் சொன்னதாத்தான் எழுதியிருக்கேன்."

"அப்புறம் என்ன? அந்தப் பையன் கண்ணு முழிச்சு வாயத் திறந்தா அவனே பேரச் சொல்லிட்டுப் போறான். அதுக்குள்ள நாம ஏன் கிளறணும், ஏட்டய்யா? உங்களுக்கு இன்னும் ரெண்டு வருஷ சர்வீஸ்தானே?"

சரியாகத்தான் சொல்கிறார். அவனே சொல்வான். டாக்டரும் முன்னேற்றம் இருக்கிறது என்றார். ஒரு வாரம் பொறுத்தால் யார் தலையும் உருளாமல் தானாகவே சரியாகிவிடும். தகவல் மகிழ்ச்சியான தகவலாகவும் இருக்கும். பாதிப் பேருக்காவது.

டிசம்பர் 20, சனி

கோவிலில் பாவசங்கீர்த்தனம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பாவத்தை அறிக்கையிடாமல் மேரி என்னை விட மாட்டாள். வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். மனைவியிடம் கோபப்பட்டதையும், இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகாததையும் சொன்னேன். வேறு ஏதாவது உண்டா என்று சாமியார் கேட்டார். இல்லை சாமி என்றேன். ஐந்து அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். மூன்றுக்கு மேல் சொல்ல முடியவில்லை, இருமல்.

டிசம்பர் 21, ஞாயிறு

பூசை முடிந்து நேரே மருத்துவமனைக்குப் போனேன். நாச்சம்மாள் வார்டுக்கு வெளியே, குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினார். அவரே ஆரம்பித்தார்.

"மொத நாளே தெரியுமுங்க சார். காலத் தொடச்சுவுட்டனுங்க பாருங்க, அப்பவே. எம்பையனுக்குப் பாதம் அவுங்கப்பனாட்டம் பரந்து இருக்குமுங்க. இது நீட்டுக் காலு. பத்து மாசம் சொமந்தவளுக்குக் காலு தெரியாதுங்களா?"

"பின்ன ஏம்மா சொல்லல?"

"நீங்க ஏஞ் சொல்லலீங்க?"

ஈரத் துணியை மடியிலேயே வைத்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தார். சேலை நனைந்தது.

"இவன் எம்பையன் இல்லீன்னு நாஞ் சொல்லிட்டா, அந்த நிமிசம் எம்பையன் செத்துருவானுங்க சார். சொல்ற வரைக்கும் சாவுலீங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாமுன்னு… முந்தாநேத்து கண்ணத் தொறந்து அம்மான்னு கூப்புட்டானுங்க. அவனுக்குக் கண்ணு தெரியலீங்க, ஆரோ கைய வச்சிருக்கறாங்கன்னு கூப்புடறான். நான் உங்கம்மா இல்ல கண்ணுன்னு சொல்லச் சொல்றீங்களா? இங்கதான் சாமி இருக்கறேன்னேன். அப்பறந்தான் தூங்குனான்."

அங்கே ஒரு தாய் பையன் செத்துப் போனதாக நினைத்து அழுதுகொண்டிருக்கிறாள் அம்மா என்றேன். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"தெரியுமுங்க. அவுங்களுக்கு நான் பண்றது பாவமுங்க. ஒரே ஒரு நாளு குடுங்க. நாளைக்கு நானே உங்க ஸ்டேசனுக்கு வந்து சொல்றனுங்க."

கொடுத்தேன். எனக்கும் அந்த ஒரு நாள் தேவைப்பட்டது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

டிசம்பர் 22, திங்கள்

பதினொரு மணிக்கு நாச்சம்மாள் ஸ்டேஷனுக்கு வந்தார். என் எதிரில் நின்று, எழுதிக்குங்க என்று மட்டும் சொன்னார். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தேன். குடிக்கவில்லை. அவனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், திரும்ப ஐ.சி.யூ.வுக்கு எடுத்துப் போய்விட்டார்கள் என்றார். சீக்கிரம் அவுங்கம்மாவக் கூப்புடுங்க சார் என்றார்.

பொன்னுசாமிக்குப் போன் போட்டேன். பின்னணியில் பாத்திரச் சத்தம். புதன்கிழமை பதினாறாம் நாள் கருமாதி, பந்தல் போட ஆள் வந்திருக்கிறது என்றார். பெயரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன், நலமா என்று கேட்டேன். சொல்ல வேண்டியதைத் தவிர எல்லாம் சொன்னேன். கடைசியில், ஒரு கையெழுத்து வேண்டியிருக்கிறது, அண்ணியாரையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வரணும் என்றேன்.

"கருமாதி முடிச்சிட்டு வியாழக்கெழம வரட்டுங்களா?"

வியாழக்கிழமை கிறிஸ்துமஸ். வெள்ளி வாருங்கள் என்றேன்.

எழுதியதை மறுபடி படிக்கிறேன். வெள்ளி வாருங்கள் என்றேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

காலை ஒன்பதரைக்கு மருத்துவமனையிலிருந்து சொன்னார்கள், நுரையீரலில் கிருமி பரவிவிட்டது, ரத்த அழுத்தம் நிற்கவில்லை என்று. பொன்னுசாமிக்குப் போன் செய்து ஒரே மூச்சில் சொன்னேன். நீங்கள் எரித்தது உங்கள் பையன் இல்லை. உங்கள் பையன் உயிரோடு இருக்கிறான். உடனே கிளம்புங்கள். பிறகு போனை யாரோ பிடுங்கினார்கள். ஒரு பெண் குரல், "இருக்கறானா? எம்பையன் இருக்கறானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. இருக்கிறான் அம்மா, வாருங்கள் என்றேன். பத்து மணிக்குக் காரில் ஏறிவிட்டார்கள்.

தாராபுரம் என்று ஒரு போன். ஒட்டன்சத்திரம் என்று ஒரு போன். இருக்கிறானா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள்.

ஒரு மணி ஐந்துக்கு அவன் இறந்துவிட்டான். நாச்சம்மாள் பக்கத்தில் இருந்தார்.

ஒன்றே முக்காலுக்குக் கார் வந்தது. லோகநாதனின் தாயார் ருக்குமணி அம்மாள் இறங்கினார். நெற்றியில் திருநீறு வைத்திருந்தார். வரும் வழியில் ஏதோ கோயிலில் நிறுத்தி வைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். கையில் பையனுக்கு ஒரு புதுச் சட்டை. யாரும் சொல்லவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அழவில்லை. எங்கே என்று கேட்டார்.

இந்த முறை ஒன்றையும் விடவில்லை. ரத்த உறவு, துணியை முழுக்க விலக்குவது, மணிக்கட்டு, முழங்கால், கைரேகை, புகைப்படம், பெற்ற தாயின் ரத்தம். டாக்டருக்கு எழுதிக் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் படிவம் இருக்கிறது. எல்லாமே என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது, ஒன்பதாம் தேதியும்.

ருக்குமணி அம்மாள் முகத்தைப் பார்த்தார். கட்டுகளை எடுத்திருந்தார்கள். தாடியைத் தடவினார். பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து நிமிடம் இருக்கும். பஞ்சாயத்தார் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். இது உங்கள் பையன்தானா என்று நான் கேட்டாக வேண்டும். கேட்டேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தார். "இல்லீன்னு சொன்னா எம்பையன் இன்னும் எங்கயாச்சும் இருப்பானுங்களா?"

பொன்னுசாமி சுவரில் தலையை முட்டிக்கொண்டார், இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"எம்பையந்தான்" என்றார்.

நாச்சம்மாள் வாசலில் நின்றிருந்தார். உள்ளே வர அவருக்கு இப்போது உரிமையில்லை. ருக்குமணி அம்மாள் வெளியே வந்ததும் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். அடித்துக்கொள்வார்களோ என்று பயந்து ஒரு பெண் போலீஸை அருகில் நிறுத்தினேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"நீங்கதான் வச்சிருந்தீங்களா அக்கா?" என்றார் ருக்குமணி அம்மாள்.

"ஆமாங்க."

"ஏதாச்சும் பேசுனானுங்களா?"

"அம்மான்னு கூப்புட்டானுங்க. ரண்டு தடவ. நான் பதில் சொல்லிப்போட்டனுங்க. என்னைய மன்னிச்சிருங்க. உங்களுக்கு வர வேண்டியத நான் வாங்கிக்கிட்டேன்."

ருக்குமணி அம்மாள் நாச்சம்மாளின் கையைப் பிடித்தார்.

"உங்க பையனுக்கு நாங்க ஒரு கொறையும் வெக்கலீங்க அக்கா. மூணாவது தெருவரைக்கும் ஆளுங்க வந்தாங்க. வாக்கரிசி நாந்தான் போட்டேன். மொகத்த மூடியிருந்தாங்க, துணி மேலயே போட்டேன். கூடப்பொறந்த தம்பியாட்டம் என் கொழுந்தன் பையன்தான் கொள்ளி வச்சான். நல்லா… நல்லபடியாத்தான் அனுப்புனோம்."

அதுவரை நிமிர்ந்து நின்ற நாச்சம்மாள் அப்போதுதான் விழுந்தார். அப்படியே தரையில். பதினாலு நாள் கழித்து அவர் பையன் இறந்தது அந்த நிமிடத்தில்தான்.

டிசம்பர் 24, புதன்

தற்காலிகப் பணி நீக்க உத்தரவு வந்தது. விசாரணைக்கு வந்த டி.எஸ்.பி. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். 'துணியை முழுவதும் விலக்கி, முகத்தையும் அங்க அடையாளங்களையும் நேரில் பார்த்து, என் அண்ணன் மகன்தான் என்று அடையாளம் காட்டினேன்' என்று பொன்னுசாமி சொன்னதாக எழுதியிருக்கிறதே, அவர் பார்த்தாரா?

பார்க்கவில்லை ஐயா என்றேன்.

நீங்கள் பார்த்தீர்களா என்றார்.

அங்க அடையாளங்களை நானும் பார்க்கவில்லை. வாக்குமூலத்தைப் பொன்னுசாமி வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட்டேன். இத்தனை வருடமாக அப்படித்தான். வருகிறவர்கள் அழுதுகொண்டு வருவார்கள், காத்திருக்க வைக்கக் கூடாது என்று நானாகக் கண்டுபிடித்த முறை. பெயரும் உறவும் மட்டும் இடம் விட்டிருப்பேன். எல்லாரும் என்னைக் கெட்டிக்காரன் என்றார்கள்.

மேரி கேட்டாள், பையனுடைய அம்மா நேற்றுக் காலையில் கிளம்பினாளே, நீங்கள் முந்தின நாளே சொல்லியிருந்தால் வந்து சேர்ந்திருப்பாள் அல்லவா என்று. ஆமாம் என்றேன். பூசைக்குத் தனியாகப் போயிருக்கிறாள்.

ஜனவரி 21, புதன்

நாச்சம்மாள் வீட்டைத் தேடி வந்தார். ஸ்டேஷனில் விலாசம் கொடுத்திருக்கிறார்கள். மேரி உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்தாள்.

"எம்பையனுக்கு ஒரு காகிதம் வேணுமுங்க சார். செத்துப்போனதுக்கு. வி.ஏ.ஓ.கிட்ட போனனுங்க, தாலுக்காபீசுக்குப் போனனுங்க. பொணம் எங்கன்னு கேக்கறாங்க. எரிச்சாச்சு, சாம்பலையும் கொடுமுடியில கரைச்சாச்சுங்கறேன். எரிச்சது உம்பையந்தான்னு என்ன அத்தாட்சிங்கறாங்க. உங்களுக்குத்தான் எல்லாச் சட்டமும் தெரியுமுன்னு வந்தேன்."

தெரியும். அதுதான் கொடுமை. ஒரு பல் எடுத்து வைத்திருந்தால் போதும், இந்த அம்மாவின் ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்து ஒரு மாதத்தில் காகிதம் கொடுத்திருப்பார்கள். முகம் பார்த்து அடையாளம் காட்டப்பட்டது என்று நான் எழுதியதால் டாக்டர் எடுத்து வைக்கவில்லை. கைரேகை இல்லை. அறிக்கையில் இருக்கும் மச்சமும் தழும்பும் லோகநாதனுடையவை. அந்த உடல் கிருபாகரன் என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரு துண்டு அத்தாட்சி இல்லை. லோகநாதனின் முதல் இறப்புச் சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். அதனால் ஒன்பதாம் தேதி எரிந்தவனுக்கு இப்போது பெயரே கிடையாது.

வக்கீல் வைத்துக் கோர்ட்டுக்குப் போனால் ஒருவேளை கிடைக்கலாம் அம்மா என்றேன். நானும் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். என் சாட்சியை யார் நம்புவார்கள்? அதையும் சொன்னேன்.

"அது ஆகலீன்னா?"

"காணாமப் போனவர்னு புகார் கொடுத்து வைக்கணும். ஏழு வருஷம் எந்தத் தகவலும் இல்லைன்னா, இறந்துட்டதா சட்டம் எடுத்துக்கும்."

"ஏழு வருசங்களா?"

"ஆமாம்மா."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சட்டப்படி உயிரோட இருக்கறதாத்தான் கணக்கு."

அவர் மேரியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மேரி வைத்த காப்பியை எடுத்துக் குடித்தார். காலி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ரேசன் கார்டுல பேரு இருக்குமுங்களா?"

"இருக்கும். எடுக்க முடியாது."

"ஓட்டு லிஸ்ட்டுல?"

"இருக்கும்மா."

கோர்ட் பற்றி அதற்குமேல் அவர் கேட்கவில்லை. நான் வக்கீல் பெயர் எழுதிய காகிதத்தை நீட்டினேன். வாங்கி, படிக்காமல், பையில் போட்டுக்கொண்டார். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். ஒட்டன்சத்திரம் பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். நான் கீழே நின்றேன். டிரைவர் ஏறி வண்டியை எடுக்கும்போது தலையை வெளியே நீட்டினார்.

"ஏழு வருசமுன்னா அவனுக்கு முப்பது ஆயிருமுங்க சார்" என்றார். "அதுக்குள்ள கண்ணாலம் பண்ணியிருக்கோணும்."